கறை என்று சொன்னது நான்தான்

மதினி,

இன்று காலை ஒரு கல்லூரிப் பெண்ணின் நகங்களில் இருந்த பாலிஷைத் துடைத்து எடுத்தேன். நகச்சுற்று என்று வந்தவள். நகத்தைக் காட்ட வருகிறவர்கள் பாலிஷோடு உள்ளே போகக் கூடாது என்பது எங்கள் டாக்டரின் சட்டம். பஞ்சை ரிமூவரில் நனைத்து விரல் விரலாகத் துடைத்தபோது அந்த வாசம் மூக்கில் ஏறியது. உங்கள் கட்டைவிரல் நினைவுக்கு வந்தது. வேறொன்றும் ஆகவில்லை. "உக்காரு தாயி, கூப்பிடுவாங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

போடியில் தோல் டாக்டரிடம் சீட்டு எழுதுகிற வேலைதான் எனக்கு. படித்தது பிளஸ் டூ. ஆனால் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த முதல் மாதமே எனக்கு "டாக்டரம்மா" என்று பட்டம் கட்டிவிட்டீர்கள். கேலியாக ஆரம்பித்தது, போகப் போக உண்மையாகிவிட்டது. விடிந்ததும் உங்களோடு ஜீப்பில் ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் எல்லாரும், சாயங்காலம் இறங்கியதும் என்னிடம் கையையும் காலையும் நீட்டுவார்கள். விரலிடுக்கில் சேற்றுப்புண்ணா, ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டு இந்தக் களிம்பைப் போடு. இடுப்பில் படர்தாமரையா, மெடிக்கலில் நீயாக டியூப் வாங்கிப் பூசாதே, அடங்குவதுபோல் அடங்கி உடம்பெல்லாம் பரவும். நகம் மஞ்சளாகித் தடித்திருக்கிறதா, பூஞ்சையாக இருக்கும், மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டிவரும், டாக்டரிடம் வா. அவர் சொல்லக் கேட்டதைத்தான் சொன்னேன். பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது.

ஆடி மாதம், காயெடுப்பு மும்முரமாக இருந்த நேரம். அடுப்படியில் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வலது கட்டைவிரலை என் முன்னால் நீட்டினீர்கள். நகத்தின் அடியிலிருந்து நுனி வரை ஒரே ஒரு கறுப்புக் கோடு.

"டாக்டரம்மா, இது என்னனு பாரு. தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தும் போக மாட்டேங்குது."

சட்டியைப் பிடித்தபடியே தலையைத் திருப்பிப் பார்த்தேன். உங்கள் பத்து விரலும் காய்க்கறை ஏறிக் கறுத்துத்தான் கிடந்தன. ஏலக்காய் எடுக்கிற யார் கைதான் அப்படி இல்லை?

"கறை மதினி. சீசன் முடிஞ்சா தன்னால போயிரும்."

"வலியும் ஒண்ணும் இல்ல."

"அப்பறம் என்ன? போயி சோலியப் பாருங்க."

போய்விட்டீர்கள்.

ஆவணியில் ராசிங்காபுரத்தில் உங்கள் தங்கை மகளுக்குச் சடங்கு. நாலு பேர் முன்னால் சந்தனம் பூச அந்த விரலை நீட்டக் கூச்சமாக இருக்கிறது என்றீர்கள். நான்தான் ஃபேன்சி ஸ்டோரில் அரக்குச் சிவப்பில் ஒரு பாலிஷ் வாங்கி வந்தேன். உங்கள் கையை என் மடியில் வைத்துப் பூசிவிட்டேன். "எஸ்டேட் மொதலாளியம்மா கை மாதிரில்ல இருக்கு!" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு அது உரிய உரிய நீங்களே மேலே பூசிக்கொண்டீர்கள். கோட்டை நானும் மறந்துவிட்டேன்.

மாசியில் நகம் பிளந்து, பாலிஷோடு ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. காயெடுப்பு முடிந்து மற்ற ஒன்பது நகமும் வெளுத்துவிட்டன. அந்தக் கோடு மட்டும் பட்டையாகி, நகத்தின் அடித்தோலிலும் இறங்கியிருந்தது. மறுநாளே உங்களைக் கூட்டிக்கொண்டு போனேன்.

விளக்கு வைத்த கண்ணாடியை விரல்மேல் பிடித்துப் பார்த்துக்கொண்டே டாக்டர் கேட்டார். "எவ்வளவு நாளா இருக்கு?"

பக்கத்தில் பேனாவோடு நான் நின்றேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"இப்பத்தான் சார், ஒரு மாசமா."

"வீட்லயே ஆள் இருக்கே, காட்டலியா?"

"இவளுக்குத் தெரியாது சார். நாந்தான் சொல்லல."

சீட்டில் 'ஒரு மாசம்' என்று எழுதினேன்.

"கறையா இருந்தா நகம் வளர வளர முன்னால தள்ளிப் போயிரும், அடியில சுத்தமா புது நகம் வரும். இது வேர்லருந்தே வருது" என்றார் டாக்டர். விரல் மரத்துப்போக ஊசி போட்டு, நகத்தை எடுத்து, அடியிலிருந்து துளி சதையை மதுரைக்குச் சோதனைக்கு அனுப்பினார். "தொடுறது தெரியுது, வலி தெரியல. நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தீர்கள். வீட்டுக்குத் திரும்பும்போது, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஓஞ் சோலிக்கு நான் ஒல வைக்கவா? பேசாம வா."

புற்று என்று வந்தது. மதுரையில் கட்டைவிரலை எடுத்தார்கள். பிறகு அக்குளில் கட்டி. பிறகு மூச்சு. அடுத்த ஆடியில் உட்கார்ந்தபடியே தூங்கினீர்கள். அதற்கடுத்த ஆடிக்கு நீங்கள் இல்லை.

உங்களை எடுத்த அன்று நான் அழவில்லை, மதினி. இன்றுவரை அழவில்லை. ஊசி போட்ட விரலைப் பற்றி நீங்கள் சொன்னீர்களே, எனக்கு அப்படித்தான் இருக்கிறது. அண்ணன் சாப்பிட்டாரா என்று பார்க்கிறேன், சீட்டு எழுதுகிறேன், பஸ் ஏறுகிறேன். வருகிறவர்களின் பத்து நகத்தையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புகிறேன். யாராவது 'ஒரு மாசம்' என்றால், "நெசமாவே ஒரு மாசந்தானா?" என்று இரண்டாம் தடவை கேட்கிறேன். களிம்பு யோசனை யாருக்கும் சொல்வதில்லை.

ஏழு மாதம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் நான் கேட்டதே இல்லை. போன வாரம் வேறொருவருக்கு அவர் சொன்னது கதவு வழியாகக் கேட்டது. ஆரம்பத்திலேயே வந்தால் சிலருக்கு நகத்தையும் அதன் அடிச்சதையையும் எடுத்தால் போதுமாம், விரல் தங்குமாம்.

இன்று மதியம் டாக்டர் சாப்பிடப் போனதும், அலமாரியிலிருந்து உங்கள் சீட்டை எடுத்தேன். 'ஒரு மாசம்' என்பதை அடித்துவிட்டு, 'ஏழு மாசம், முதலில் காட்டியது என்னிடம்' என்று எழுதினேன். சீட்டை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். விரலில் இன்னும் ரிமூவர் வாசம் போகவில்லை. வாசலில் அவர் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்கிறது.

சோலி போனால் போகட்டும், மதினி.