கப்பலுக்கு ஒரு பிளக் பெட்டி

ஜூன் 12, வியாழன்

விடிந்ததிலிருந்து காற்று. மாடியில் காய்ந்த வேட்டி பறந்து பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில். கரெண்ட் இரண்டு தடவை போய் வந்தது.

கடைக்குக் கூரியரில் ஒரு கவர். மோட்டார் கம்பெனியிலிருந்து. அண்ணன் பிரித்தான். கப்பல் டிக்கெட்! சென்னையில் ஏறி, இலங்கை பார்த்து, திரும்பச் சென்னை. நீர்மூழ்கி மோட்டார் விற்பனையில் இலக்கைத் தாண்டிய டீலர்களுக்குப் பரிசாம்.

தாண்ட வைத்தது யார் என்று இங்கே எழுதிக்கொள்கிறேன். வேறெங்கும் எழுத இடமில்லை. ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிக்காரர்களுக்குத் தினமும் வாட்ஸ்அப்பில் ஸ்டாக் அனுப்பியது நான். புதிதாகப் போர் போட்ட தோட்டத்துக்காரர்களைக் கூப்பிட்டு, "எத்தன அடியில தண்ணி கெடச்சுதுங்க" என்று கேட்டு, அதற்குத் தகுந்த மோட்டாரைச் சொன்னது நான். அண்ணன் டெலிவரி. அப்பா கல்லா. கவரின் மேல் கடையின் பெயர். உள்ளே, "உரிமையாளர் மற்றும் துணைவியார்".

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகிக் கறுப்புக் கண்ணாடி. பயணம் கூடாது. ஆகவே அண்ணனும் நித்யா அண்ணியும். இதை யாரும் முடிவு செய்யவே இல்லை. முடிவு ஏற்கெனவே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தது.

அம்மா: "மொகத்தத் தூக்கி வெச்சுக்காத அம்மிணி. கண்ணாலம் ஆச்சுன்னா நீயும் உம்பட ஊட்டுக்காரரோட போவ."

"அதுக்குள்ள கடலு வத்திப் போச்சுன்னா?"

"படிச்சுப் படிச்சு வாயிதான் நீண்டு போச்சு."

சாயங்காலம் கடை வாசலில் நின்று மலையைப் பார்த்தேன். மேலே கோயிலில் குடியிருக்கும் சாமி பாதி ஆண், பாதி பெண். ஜோடியும் ஆயிற்று, டிக்கெட்டும் ஒன்றே போதும். புத்திசாலி.

ஜூன் 13, வெள்ளி

காற்று நிற்கவில்லை. தலைவலி. பால் திரிந்துவிட்டது.

போன வருடம் இதே பரிசில் போய் வந்த ராசிபுரம் டீலர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டு வீடே கேட்டது. "எல்லாம் சொர்க்கமுங்க. ஆனா ரூமுக்கு ஒரே ஒரு பிளக்குதானுங்க. நானும் என்ற சம்சாரமும் சார்ஜ் போடறதுக்கு அடிச்சுக்கிட்டமுங்க. கடல் நடுவுல கோவிச்சுக்கிட்டு எங்கீங்க போறது?"

அண்ணி உடனே சார்ஜ் போட வேண்டியதையெல்லாம் கட்டிலில் பரப்பினாள்:
போன் இரண்டு (அவளுடையது, அண்ணனுடையது)
கை வாட்ச்
பவர் பேங்க்
அண்ணன் ஷேவிங் மிஷின்
தலைமுடி நேராக்குகிற கம்பி
காதில் மாட்டுகிற பாட்டு
அவள் தம்பியின் கேமரா, இரவல்
கொசு மிஷின்! (நடுக்கடலில் கொசு. நான் எதுவும் சொல்லவில்லை.)

"பாப்பா, மாமாகிட்டச் சொல்லி ஒரு பெட்டி செஞ்சு தரச் சொல்லேன்."

அப்பாவின் முகத்தில் ஆபரேஷனுக்குப் பிறகு முதல் வெளிச்சம்.

எங்கள் குடும்பத்தில் யார் ஊரை விட்டுப் போனாலும் அப்பா ஒரு பிளக் பெட்டி செய்து கொடுப்பார். கடையில் விற்கிற பெட்டி இல்லை. கையால் அறுத்த பலகை, ஐந்து பிளக், ஐந்து சுவிட்சு, ஒரு சிவப்பு விளக்கு. அடியில் வெள்ளைப் பெயிண்டில் பெயரும் போகிற ஊரும். அண்ணன் ஹாஸ்டலுக்குப் போனபோது "செந்தில் – கோயமுத்தூர்". சித்தப்பா ரிக் வண்டியோடு வடக்கே போனபோது "முருகேசன் – ஜபல்பூர்". கல்யாணமாகி நொய்டா போன அத்தை பெண்ணுக்கும் உண்டு.

எனக்கு இல்லை. உள்ளூர்க் காலேஜ், தினம் பஸ். முடித்ததும் கடை. போகாதவளுக்கு எதற்குப் பெட்டி?

ஆனால் செய்யப்போவது நான்தான். அப்பாவுக்கு இப்போது ஸ்க்ரூவின் தலை தெரியாது. அவர் சொல்வார், நான் முறுக்குவேன்.

ஜூன் 15, ஞாயிறு

கடை லீவு. தலைக்குக் குளித்தேன். படித்துக்கொண்டிருந்த ரஷ்ய நாவலில் மூன்று பக்கம்தான் நகர்ந்தது. எல்லோரும் பனியில் எங்கோ போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

அண்ணி மீது இந்த இரண்டு நாளில் நான் சொன்ன குறைகள்:
எலுமிச்சை ஊறுகாய் கப்பலில் விட மாட்டார்கள் (தெரியாது, அடித்துவிட்டேன்)
குதிகால் உயர்ந்த செருப்பு வழுக்கும்
மஞ்சள் சுடிதார் போட்டோவில் எடுபடாது (எடுபடும். நன்றாகவே.)
பஸ்ஸில் வாந்தி எடுக்கிறவர்களுக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளாது

நான்காவதைச் சொன்னபோது அவள் முகம் சின்னதானது. ஒரு நொடி. எனக்குள் ஏதோ இனித்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மத்தியானம் அண்ணி என் அறைக்கு வந்தாள். "நீதான் நல்லா எழுதுவயே. கப்பல் போட்டோவுக்குப் போட ரெண்டு ரெண்டு வரியா எழுதிக் குடு பாப்பா. கடலப் பத்தி, வானத்தப் பத்தி."

"நீங்களே பாத்துட்டு எழுதுங்க அண்ணி."

"பாத்தா எனக்கு வராது. உனக்குப் பாக்காமயே வருமில்ல?"

கேலி இல்லை. உண்மையாகவே கேட்டாள். அதுதான் குத்தியது. நான் கடலைப் பார்த்தது பள்ளிக்கூட டூரில் ஒரே தடவை, அதுவும் டீச்சர் விசில் அடித்துக்கொண்டே இருந்தாள். மற்றதெல்லாம் புத்தகத்தில். எழுதிக் கொடுத்தேன். நன்றாக வந்துவிட்டது. "கரை இல்லாத இடத்தில் கண்ணுக்கு ஓய்வு." என் வரியில் அவள் நிற்பாள், மஞ்சள் சுடிதாரில்.

ஜூன் 16, திங்கள்

மழை வருவது போல் இருட்டி, வராமல் போனது. தக்காளி வாங்க மறந்தேன்.

டிராவல்ஸ்காரர் அனுப்பிய விதிமுறைத் தாள், பதினைந்து பக்கம், ஆங்கிலம். வீட்டில் யாரும் திறக்கவில்லை. நான் திறந்தேன், எந்தத் துறைமுகத்தில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று பார்த்துப் பொறாமைப்படுவதற்காக. கொண்டு வரக்கூடாதவை என்ற பகுதியில் கத்தி, இஸ்திரிப் பெட்டி, மெழுகுவர்த்தி. அதற்கடுத்து: எக்ஸ்டென்ஷன் பெட்டிகள், முக்கியமாக வோல்டேஜ் ஏற்றத்தைத் தடுக்கும் சாதனம் உள்ளவை. ஏறும் இடத்திலேயே பறிமுதல். சுவரில் நேராகச் செருகுகிற, வயர் இல்லாத சின்ன யூ.எஸ்.பி சார்ஜருக்கு மட்டும் அனுமதி.

ஏன் என்று தேடிப் படித்தேன். நம் வீட்டுக் கரெண்டுக்குக் கீழே மண் இருக்கிறது. எர்த் கம்பி அதில் போய் முடிகிறது. கப்பலுக்கு மண் கிடையாது, அங்கே வயரிங் முறையே வேறு. வோல்டேஜ் குதித்தால் தாங்குவதற்காக நாம் பெட்டிக்குள் வைக்கிற சில்லு அங்கே சூடாகித் தீப்பிடித்துவிடலாமாம்.

அப்பா பெட்டியின் பெருமையே அந்தச் சில்லுதான். நீல நிறம், பொட்டு அளவு வட்டம். இந்தப் பக்கம் தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடி நிற்கும்போது வோல்டேஜ் குதிக்கிற குதிக்கு, டி.வி., பிரிட்ஜ் எல்லாம் போய்த்தான் எல்லோரும் பாடம் படித்தார்கள். அந்தச் சில்லு இல்லாத பெட்டியைத் திருச்செங்கோட்டில் யாரும் கையால் தொட மாட்டார்கள். கப்பல் என்பதால் அப்பா இரண்டு வைக்கச் சொன்னார். "கடல் கரெண்டு எப்படியோ என்னமோ சாமி. சேத்தியே வெய்யி."

சாப்பிடும்போது சொன்னேன். எல்லோரும் இருந்தார்கள்.

"அந்தப் பெட்டியக் கப்பல்ல விட மாட்டாங்க."

அண்ணன் சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஊறுகாய விடமாட்டாங்க, செருப்பு வழுக்கும், பெட்டிய விடமாட்டாங்க. எங்களையாச்சும் விடுவாங்களா பாப்பா?"

அண்ணி சிரித்தாள். அம்மா சிரித்தாள். அப்பா மட்டும், "கரெண்டுச் சாமானுல நான் வெக்காத பாதுகாப்பா?" என்றார், கறுப்புக் கண்ணாடி வழியாக, என் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்து.

போன் என் மடியில்தான் இருந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்து, தமிழில் படித்துக் காட்ட அரை நிமிடம். காட்டவில்லை. மோர் ஊற்றிக்கொண்டேன்.

சொன்னேன், ஆனால் நம்பாதபடி சொன்னேன். அந்தக் குறைகளுக்கும் பொய்களுக்கும் பிறகு, அதே குரலில், அதே முகத்தோடு.

ஜூன் 17, செவ்வாய்

பெட்டி முடிந்தது. இதுவரை வீட்டில் செய்ததிலேயே நல்ல பெட்டி. ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டு வழவழப்பு. சில்லு இரண்டையும் நான்தான் சால்டர் வைத்தேன், கை நடுங்கவே இல்லை.

நடுங்காததற்குக் காரணம் தெரியும். துறைமுகத்தில் ஸ்கேன் மிஷின். பெல்ட்டில் அண்ணியின் பை. ஆபீசர் பெட்டியை வெளியே எடுக்கிறார். மற்ற டீலர்கள், அவர்களுடைய துணைவியார்கள், வரிசை நின்று பார்க்கிறார்கள். அண்ணி மஞ்சள் சுடிதாரில். இந்தப் படத்தை ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

சாயங்காலம் அப்பா பெயிண்ட் டப்பாவைத் தடவி எடுத்தார். பிரஷ்ஷை என்னிடம் தரவில்லை. பலகையின் விளிம்பை இடது கை விரலால் அளந்து, குனிந்து, கோணல்மாணலாக எழுதினார். "நித்யா – கப்பல்". முதல் தடவையாக ஊர் இல்லாத ஒரு ஊர். எழுதிவிட்டுத் தானே சிரித்தார். "சரியாத் தெரியுதா சாமி?"

"தெரியுதுங்கப்பா."

அதற்குப் பிறகு படம் சரியாக ஓடவில்லை. ஆபீசர் பெட்டியைக் கவிழ்க்கிறார், அடியில் இந்தக் கோணல் எழுத்து. குப்பையோடு குப்பையாக ஒரு கூடையில். அண்ணி ஒரு மூலையில் எங்கோ மங்கலாக நிற்கிறாள், அவள் முகமே தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

வேலை: தண்ணீர் கேன், கேஸ் புக்கிங், அப்பாவுக்குச் சொட்டு மருந்து நான்கு வேளை.

சாயங்காலம் புறப்பட்டார்கள். சேலம் ஜங்ஷன்வரை கார், அங்கிருந்து ரயில். தெரு முழுக்க வழியனுப்ப வந்துவிட்டது, அண்ணி நிலாவுக்குப் போகிற மாதிரி. பக்கத்து வீட்டு அக்கா: "கப்பலு ஆடுனா மாப்பளயப் புடிச்சுக்கோ, கம்பியப் புடிக்காத!" ஒரே சிரிப்பு.

பைகளைக் காரில் வைத்தது நான். நீலப் பையின் ஜிப்பைத் திறந்தேன். துணி மேல் பெட்டி. எடுத்தேன். துண்டில் சுற்றி மோட்டார் ரூமில் வைத்துவிட்டு, கடையிலிருந்து கொண்டு வந்திருந்த யூ.எஸ்.பி சார்ஜரை, ஆறு ஓட்டை, வயர் இல்லாதது, அதே இடத்தில் வைத்தேன். ஊறுகாய் பாட்டிலை இன்னொரு பிளாஸ்டிக் உறையில் கட்டினேன். ஜிப்.

அண்ணி கட்டிப்பிடித்தாள். எண்ணெயும் மல்லிகையும். "உனக்கு என்ன வேணும் பாப்பா?"

"ஒண்ணும் வேண்டாங்க."

கார் போனதும் அம்மா: "என்னத்துக்குக் கண்ணு செவந்திருக்குது?" காற்று என்றேன். காற்றும் இருந்தது.

சார்ஜரைக் கடையிலிருந்து எடுத்தது காலையிலேயே. அப்படியானால் காலையிலேயே முடிவு செய்துவிட்டேனா? அப்பா மானம் போகக்கூடாது என்றா, அண்ணிக்கு அந்தப் பெட்டி கிடைக்கக்கூடாது என்றா? யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. இரண்டும் ஒரே கை.

ஜூன் 19, வியாழன்

காற்று குறைவு. புளிக்குழம்பு.

பதினொரு மணிக்குத் துறைமுகத்திலிருந்து அண்ணன். மூச்சு வாங்கினான். "பாப்பா, இங்க ஒரு கூடை நெறைய பிளக் பெட்டிதான்! நம்ம பக்கத்து டீலருங்க பாதிப் பேரு மாட்டிக்கிட்டாங்க. ராசிபுரத்துக்காரரு சொன்னாருன்னு ஆளுக்கொண்ணு கொண்டாந்திருக்கறாங்க. அவருதான் போன வருசம் கொண்டே போகலியே, விட மாட்டாங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்? நம்ம பையத் தொறந்தா சார்ஜரு. எப்ப வெச்ச?"

அண்ணி போனைப் பிடுங்கினாள். "ரயில்ல பாத்தப்பவே பெட்டியக் காணம், சார்ஜருதான் இருந்துச்சு பாப்பா. இவருகிட்டச் சொல்லல. பொறாமைல எடுத்துட்டயோன்னு நெனச்சன். ராத்திரி பூரா உம்மேல கோவம்."

"அதுவுந்தானுங்க அண்ணி."

அந்தப் பக்கம் மைக்கில் யாரோ வரிசை எண் கூப்பிடுகிறார்கள். பிறகு அண்ணி, மெதுவாக, "உன்ற எடத்துல நானா இருந்தாச் சார்ஜரு வெச்சிருக்க மாட்டன்" என்றாள். வரிசை நகர்ந்தது, வைத்துவிட்டாள்.

மூன்று மணிக்கு ஸ்டேட்டஸ். மஞ்சள் சுடிதார், பின்னால் தண்ணீர், என் வரி. யார் யாரோ இதயம் போட்டிருக்கிறார்கள். எடுபட்டிருக்கிறது, சுடிதாரும் வரியும். நானும் ஒன்று போட்டேன். வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஜூன் 20, வெள்ளி

அண்ணியிடமிருந்து செய்தி இல்லை. நடுக்கடலில் சிக்னல் இருக்காது.

பெட்டியை என் மேஜைக்கடியில் வைத்து போனைச் செருகியிருந்தேன். சிவப்பு விளக்கு. மத்தியானம் அப்பா சொட்டு மருந்துக்கு வந்தவர் கால் தட்டிக் குனிந்தார். நான் எழுவதற்குள் கையில் எடுத்துவிட்டார். விரலால் ஓரத்தைத் தடவினார், சுவிட்சை எண்ணினார், கவிழ்த்து அடியைத் தடவினார். நடந்ததை எல்லாம் சொன்னேன், சில்லு, கூடை, விதிமுறை, எல்லாம். இந்தத் தடவை நம்புகிற மாதிரி.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு, "உனக்கு ஒண்ணும் செஞ்சு குடுக்கலியே நானு" என்றார், கணக்கில் விட்டுப்போன ஏதோ ஒன்றைச் சொல்வது போல.

"நான் எங்கீங்கப்பா போனன்?"

உப்புத்தாள் கேட்டார். கொடுத்தேன். "நித்யா – கப்பல்" மெல்ல மெல்லத் தூளாகி அவர் வேட்டியில் விழுந்தது. பிரஷ்ஷை நனைத்து, விரலால் அளந்து, என் பெயரை எழுதினார். அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. பிரஷ் அங்கேயே நின்றது.

"ஊரு எதுன்னு போடட்டும் சாமி?"

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

பெயிண்ட் காயட்டும் என்று வெயிலில் வைத்திருக்கிறார். கோட்டுக்குப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறது. நிறையவே.