முன்வரிசை நாற்காலி

சல்த், ஜோர்டான்
நவம்பர் 3

மதிப்பிற்குரிய உம்மு நவாருக்கு,

பெற்றோர் கூட்டத்துக்கு நீங்கள் வருவதை ஏன் நிறுத்திவிட்டீர்கள்? உங்களுக்குக் காது கேட்காது என்பதால் முன்வரிசையில், என் எதிரிலேயே இடம் கொடுத்தோம். வாயசைவு தெரியும்படி மெதுவாகத்தான் பேசினேன். உங்கள் மகன் நவாரின் பேச்சுப் பயிற்சியை வாரம் இரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரமாகக் குறைக்க நீங்களும் தலையசைத்தீர்கள். அதன்பின் உங்களைக் காணோம்.

"பிள்ளை மேல அக்கறை இருந்தா வரமாட்டாளா?" என்கிறாள் ஆசிரியை நிஸ்ரீன். "நம்ம காபி பிடிக்கல போல" என்கிறாள் இன்னொருத்தி. இரண்டையும் நான் நம்பவில்லை. 12ஆம் தேதிக் கூட்டத்துக்கும் நீங்கள் வராவிட்டால், அந்த ஒரு மணி நேரமும் காத்திருக்கும் வேறொரு குழந்தைக்குப் போய்விடும்.

ருலா
பேச்சுப் பயிற்சி மையப் பொறுப்பாளர்

நவம்பர் 6

அன்புள்ள ருலா அக்காவுக்கு,

உங்கள் காபியில் குறையில்லை. ஏலக்காய்தான் கொஞ்சம் அதிகம்.

மரியாதைக்கென்று கொடுத்த முதல் நாற்காலியை எப்படி மறுப்பது? உங்கள் உதடு தெரிந்தது. மற்ற தாய்மார்கள் எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால். நீங்கள் சிரிக்கும்போதுதான் யாரோ ஏதோ சொன்னார்கள் என்று புரியும். திரும்புவதற்குள் பேச்சு முடிந்திருக்கும். கடைசியாக வந்த கூட்டத்திலும் அப்படித் திரும்பினேன், எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கேள்வி என்னவென்று தெரியாமல் தலையசைத்தேன். அது நேரத்தைக் குறைப்பதற்கு என்பது நவாரின் பையில் நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்தபோது தெரிந்தது.

தினமும் மாலையில் அவன் தொண்டையில் கைவைத்து, ஒலி அதிர்கிறதா என்று பார்க்கிறேன். அக்கறை இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

சுஹைர்
நவாரின் தாய்

நவம்பர் 13

அன்புள்ள சுஹைர்,

நேற்று நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். "வட்டத்துல மரியாதையான இடம் எது மேடம்?" என்று நிஸ்ரீன் கேட்டாள். நீங்கள் கதவோரம் போய் உட்கார்ந்துகொண்டு, "இன்னொரு தடவை சொல்லுங்க, யார் பேசினாலும் கையைத் தூக்கிட்டுப் பேசுங்க" என்றீர்கள். ஒரு வருடமாக வாயே திறக்காத இரண்டு தாய்மார்கள் அதன்பின் கை தூக்கினார்கள். நவாருக்கு இரண்டு மணி நேரமும் திரும்பக் கிடைத்தது. அன்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக எழுதிய வரியை நானே அடித்துவிட்டேன்.

இன்று காலை போய்ப் பார்த்தால் நாற்காலிகள் பழையபடி வரிசையில் நின்றன. ஆசிரியைகளின் கூட்டம். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தேன். பின்னால் எதற்கோ எல்லோரும் சிரித்தார்கள். காது கேட்கும் எனக்கே, யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று தெரியவில்லை.

எழுந்து நாற்காலியை அவர்கள் பக்கம் திருப்பிப் போட்டேன்.

ருலா