“விடு” என்றதும் கயிற்றை விட்ட என் மகளைக் கப்பலிலிருந்து நீக்கியது குறித்து

அனுப்புநர்:
பயிற்சி மாணவியின் தந்தை,
சோபா, மெத்தை தைப்பவர்,
துறைமுகச் சாலை.

பெறுநர்:
பயணக் கப்பல் உரிம அதிகாரி அவர்கள்,
துறைமுக அலுவலகம்.

பொருள்: பாய்க்கப்பல் கேப்டன் மீது நடவடிக்கை கோருதல்.

வேலை நெருக்கடியிலும் இதைப் படிக்கப்போகும் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. பிறர் சொல்லித் தாங்கள் அறிவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். கப்பல் கரையில் கட்டியிருக்கும்போதே வாந்தி எடுத்தவன் நான். சம்பவத்தின்போது என் மடியில் ஒரு பக்கெட் இருந்தது. கண்ணும் காதும் வெளியேதான் இருந்தன.

2. மேற்படி கப்பல் இரண்டு பாய்மரமுள்ள பழைய பாணி மரக்கப்பல். சுற்றுலாப் பயணிகளை ஏற்றும். மாணவர்களுக்குக் கடல் தொழிலும் கற்றுத்தரும். சேர்ந்த அன்றே கேப்டன் பெற்றோர் முன்னிலையில், “இங்க மூணே வார்த்தை. கட்டு, இழு, விடு. விடுன்னா அவுத்து விடணும். யோசிக்கக் கூடாது, கை செய்யணும்” என்றார். நானும் தலையாட்டினேன்.

3. பயிற்சி முடிவில் பெற்றோரையும் பயணிகளையும் ஏற்றிக்கொண்டு கப்பல் கிளம்பியது. பெரிய பாயைத் தூக்கி நிறுத்தும் கயிற்றின் முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று என் மகள் தொட்டுப் பார்த்தாள். கேப்டன், “ஏய், அத விடு!” என்று கத்தினார். தொடாதே என்று சொல்ல நினைத்தாராம். அவள் யோசிக்கவில்லை, கை செய்தது. பாய் மொத்தமும் பயணிகள் தலையில் வந்து இறங்கியது. யாருக்கும் அடியில்லை.

4. பாய்க்கடியிலிருந்து வெளியே வந்த கேப்டன் எல்லோர் முன்னிலையிலும், “கயிறு உனக்கு எதுக்கு? போய் உங்கப்பன் பக்கெட்டப் புடி” என்றார். கப்பலே சிரித்தது. அதோடு நிற்காமல், ‘கட்டளைக்குக் கீழ்ப்படியாதவர்’ என்று சொல்லி அடுத்த நெடும்பயணத்திலிருந்து அவளை நீக்கிவிட்டார். அந்தப் பயணம் போகாதவரை மாலுமித் தேர்வு எழுத முடியாது. ஐயா, கீழ்ப்படிந்ததுதான் அவள் செய்த குற்றம்.

5. “அண்ணே, தப்பு அவரோடதுதான். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க” என்று கப்பலில் ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் சமையல்காரர் என்பதை நான் சொல்லப்போவதில்லை.

6. ஆகவே என் மகளை நெடும்பயணத்தில் சேர்க்க உத்தரவிட வேண்டுகிறேன். மேலும், தவறு தன்னுடையதே என்று கேப்டன் அதே கப்பலில் நின்று உரக்கச் சொல்ல வேண்டும். மழை நாளில் காலி இருக்கைகளிடம் சொல்லி முடித்துக்கொள்ளக் கூடாது. விடுமுறை நாளில், கூட்டம் நிறைந்திருக்கும்போது சொல்ல வேண்டும். முன்வரிசையில் நான் இருப்பேன். பக்கெட் நானே கொண்டுவருகிறேன்.

7. போனால் போகட்டும் என்கிறாள் என் மனைவி. அவளுக்குப் பெரிய மனசு. மனு என்னுடையது.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,
மாணவியின் தந்தை
(ஒப்பம்)

இடம்: துறைமுகச் சாலை
நாள்: 9.11

பி.கு: வீடு திரும்பும் வழியில் மகளிடம் “பசிக்குதாம்மா?” என்று மட்டும் கேட்டேன். தொண்டை வரை வந்து நின்றது வேறு: “ஒரு நாள் நீ கேப்டன் ஆகணும். அந்த ஆளு வேலை கேட்டு உன் முன்னாடி வந்து நிக்கணும். நீ அவர உக்காரச் சொல்லவே கூடாது.”