பெட்டியோடு பேசும் வழி

ஐப்பசி, செவ்வாய். தூறல்.

என்ன நோட்டே, சௌக்கியமா? ரொம்ப நாளாக உன்னைத் தொடவில்லை. ஆயுத பூஜை, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு லைன் இணைக்கும் புதுப் பெட்டி, பெங்களூர்த் தந்தி. எல்லாம் ஒன்றாக.

தந்தி மருமகன் கொடுத்தது. என் மகள் செல்விக்கு ஆண் குழந்தை. அவளுக்கு ஜன்னி, நினைவில்லை. நடேசன் டீக்கடைக்கு போன் செய்கிறாராம். என் பெண்டாட்டி அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள். எனக்கு லீவு இல்லை. எக்ஸ்சேஞ்சுக்கு வாட்ச்மேன் நான் ஒருவன்தான்.

டீக்கடை போனோ செத்துக் கிடக்கிறது. புதுப் பெட்டிக்கு மாற்றியதிலிருந்து அடி அண்ணாமலையில் ஒரு லைனுக்கும் உயிர் வரவில்லை.

புதன். மழை விட்டது.

வேலூரிலிருந்து இன்ஜினியர். சின்ன வயது, பெரிய மூக்கு. பெட்டியின் முன்பக்கம் ஒரு தனி சாக்கெட். ஊர் லைன் எதுவும் அதில் வராது. டைப் மிஷின் மாதிரி ஒன்றை அதில் செருகி, "இந்த லைனைத் திற" என்று அடித்தால் பெட்டி கேட்குமாம்.

"அதுக்கு மட்டும் எதுக்கு சார் தனி வழி?" என்று கேட்டேன்.

"எல்லா லைனும் செத்தாக்கூட இது உயிரோட இருக்கணும்ல? அப்பத்தானே உள்ள போயி சரி பண்ண முடியும்."

அதையே நினைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். செல்விக்கும் காதோரம் அப்படி ஒன்று இருந்தால், அப்பா கூப்பிடறேன், எழுந்திரும்மா என்று தட்டிவிட்டிருப்பேன்.

பெட்டி பேசும் வேகத்திலேயே மிஷினும் பேச வேண்டுமாம். எல்லா வேகத்திலும் கேட்டுப் பார்த்தார். பதில் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழன். வெயில், ஈரக் காற்று.

இன்ஜினியர் பிளக்கை உருவினார். முகர்ந்தார். சிரித்துவிட்டார். சந்தன வாசனை! சாக்கெட் முழுக்கக் காய்ந்த சந்தனம்.

ஆபரேட்டர் சரோஜா முகம் சுண்டிப்போனது. "பூஜைக்கு நாந்தான் சார் பொட்டு வெச்சேன்."

"பொட்ட நெத்தில வெப்பாங்க. காதுக்குள்ளயாம்மா வெப்பாங்க?"

"ஒங்க பெட்டிக்கு நெத்தி எது காது எதுன்னு எழுதியா ஒட்டியிருந்தீங்க?"

குச்சியில் பஞ்சு, ஸ்பிரிட். சுரண்டிச் சுரண்டித் துடைத்தார். செருகினார். மிஷின் தடதடவென்று ஒரு வரி அடித்தது. பெட்டி வாய் திறந்துவிட்டது!

"மொதல்ல எந்த லைன்?" என்றார்.

"டீக்கடை சார். நம்ம வாட்ச்மேன் அண்ணனோட பொண்ணு பெங்களூர்ல ஆஸ்பத்திரில கெடக்குது" என்றாள் சரோஜா, நான் வாய் திறப்பதற்குள்.

வெள்ளி. மலை மேல் மேகம்.

காலையிலிருந்து எதிரே டீக்கடையில் மணி அடித்தபடியே. ஒவ்வொன்றுக்கும் வாசல் வரை ஓடி வருகிறேன். ஒன்று கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை வியாபாரி, கடலை விலை சொல்ல. ஒன்று ராங் நம்பர். நடேசன் அதோடும் மழையைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் வைத்தான்.

மேகத்தையே பார்த்தால் மலை நகர்கிற மாதிரி இருக்கிறது. சின்னதில் செல்வி என் தோளில் உட்கார்ந்து கேட்பாள், "மலை எங்கப்பா போவுது?" நான் சொல்வேன், அதும் நம்ம கூட நடந்து...

நடேசன் கத்துகிறான். "மாமா, ஓடியாங்க! பெங்களூரு! ஒங்க பொண்ணே பேசுது, ஒங்களத்தான் கேக்குது!" ஓடுகிறேன், நோட்டே.