சித்தப்பா பள்ளிக்கூடம் போன கதை

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், நலமில்லாதவர்கள் நலமாகிக்கொண்டிருக்கிறார்கள், நீயும் அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வரலாற்று முடிவைத் தெரிவிக்க வேண்டும். நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, குளிர்பெட்டியின் நடுத்தட்டு முழுவதையும் உன் மகள் சுண்டுவின் மருந்துகளுக்கு ஒதுக்குவதென்று குடும்பம் தீர்மானித்துவிட்டது. என் கண் சொட்டு மருந்தும் உன் அம்மாவின் தக்காளிகளும் கீழ்த்தட்டுக்கு இடம்பெயர்ந்தன. தக்காளிகள் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை, அவற்றின் சார்பில் உன் அம்மா தெரிவித்தாள், தீர்மானம் நிறைவேறியது.

இனி நீ காத்திருக்கும் விஷயம். பள்ளிக்கூடம் சுண்டுவைச் சேர்க்காவிட்டால் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து உன் அம்மா யாரிடமும் சண்டை போடவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வயிற்றில் குழாய் வைத்த குழந்தையை எப்படிம்மா பார்த்துக்கொள்வது என்று தலைமையாசிரியை போன மாதமே கையை விரித்துவிட்டார் அல்லவா, இந்த முறை குழந்தையை மட்டும் தனியாக உள்ளே அழைத்துப் பேசினார். நான் வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார், முகத்தில் சிரிப்பில்லை. பெரியவரே, குடும்பத்துல ஆயிரம் இருக்கும், ஆனா குழந்தை முன்னாடி வேண்டாமே என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டிருக்கிறார். உன் மகள், சித்தப்பா எப்பப் பாத்தாலும் கத்துவாரு, தாத்தா அவரு மண்டையில ஒரு அமுக்கு அமுக்குவாரு, அப்புறம் ஆணியில தொங்கவிட்டுருவாரு என்று விளக்கமாகச் சொல்லியிருக்கிறாள்.

பால் செலுத்தும் பம்புக்கு மாப்பிள்ளை தன் தம்பியை நினைத்துச் சித்தப்பா என்று பெயர் வைத்தபோது நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள், காரணமில்லாமல் கத்துவதும் தட்டினால் அடங்குவதும் அவனேதான் என்று நீயும் சேர்ந்து சொன்னாய். அந்தச் சிரிப்புக்கு நான் அன்று பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பையைத் திறந்து பம்பை எடுத்து அவர் மேசை மேல் வைத்து, இவர்தாம்மா சித்தப்பா என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்து முடித்த பிறகும் துடைத்தார், பிறகு சிரித்துவிட்டார்.

சிரித்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதே. அடுத்த நிமிடமே, வயித்துல குழாய் மாட்டுற அந்த மூடி கழண்டு வந்துட்டா என்ன செய்யறது என்று கேட்டார். மழுப்பலாம் என்று ஒரு கணம் தோன்றியது, பிறகு உள்ளதைச் சொன்னேன். அபூர்வமாகக் கழலும், சீக்கிரம் வேறொன்றைப் போடாவிட்டால் துளை சுருங்கிவிடும், துணியால் மூடி எனக்குச் சொன்னால் போதும், அடுத்த தெருவிலிருந்து ஓடி வந்துவிடுவேன், ஓட முடியாவிட்டாலும் வருவேன் என்றேன். வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது, மூச்சுக்குழாய்க்குப் போய்விடும் என்றும் சொன்னேன். அப்போது அவர் பக்கத்தில் நின்ற வகுப்பு ஆசிரியை, சின்னப் பெண், எனக்குக் கை நடுங்கும் சார், ஆனா கத்துக்கறேன் என்றாள். நான் வேண்டுமானால் வகுப்பு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். நீங்க உட்கார்ந்தா அவ பாடத்தை விட்டுட்டு உங்களைத்தான் பாப்பா, வீட்டுக்குப் போங்க என்றார் தலைமையாசிரியை. என்னை இவ்வளவு மரியாதையாக யாரும் விரட்டியதில்லை.

ஆஸ்பத்திரி நர்ஸம்மா அந்த ஆசிரியைக்குக் காலை வேளைகளில் சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் நிஜமாகவே கை நடுங்கியது, பாலுக்கு முன்னும் பின்னும் குழாயில் தண்ணீர் விட மறந்தாள், சுண்டுவே அவளை, டீச்சர், தண்ணி என்று அதட்டினாள். இப்போது நம் மாப்பிள்ளையைவிட நன்றாகச் செய்கிறாள், இதை அவரிடம் சொல்லாதே. ஒரு பையன் பிஸ்கட் நீட்டியதற்கு, எனக்கு வேணாம், எனக்குக் குறுக்கு வழி இருக்கு என்று சட்டையைத் தூக்கிக் காட்டினாளாம். பையன் அழுதான், தனக்கு அந்த வழி இல்லையே என்று.

வலிப்பு மழைக்காலத்துக்குப் பிறகு வரவில்லை. இருதய டாக்டர் திருப்தியாகப் பேசினார், அவர் திருப்தியாகப் பேசினால் எனக்குச் சந்தேகம் வரும் என்பதால் இரண்டாவது முறையும் கேட்டேன், அதே பதில்தான். எடை கூடியிருக்கிறது, தூக்கும்போது என் முதுகு சாட்சி சொல்கிறது. இனியும் காய்ச்சல் வரும், ஆஸ்பத்திரி வரும், சித்தப்பா கத்துவார், ஆனால் இந்த வீட்டுக்கு இதெல்லாம் கைப்பழக்கமாகிவிட்டது. நீ பக்கத்தில் இல்லாததால்தான் குழந்தைக்கு இப்படி என்று ராத்திரியில் உட்கார்ந்து யோசிக்காதே, அது பிறக்கும்போதே வந்தது, நீ ரயில் ஏறியதால் வந்ததல்ல. வேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டு சாப்பிடாதே. உன் அம்மா உன்னிடம் பேச வேண்டும் என்று எழுதச் சொன்னாள், என்ன பேச வேண்டும் என்பதை அவளே சொல்வாள்.

நீ நினைத்த காரியம் குறையில்லாமல் முடியட்டும், நோய்நொடி உன் பக்கம் திரும்பாமல் இருக்கட்டும். சாயங்காலம் பால் ஏறும் நேரத்தில் மட்டும் போன் செய்யாதே, உன் முகத்தைப் பார்த்துச் சிரித்தால் குழாய் ஆடுகிறது.

இப்படிக்கு,
உன் அப்பா, கையெழுத்து கோணலாக இருப்பது மடியில் சுண்டு இருப்பதால்

பி.கு: பள்ளிக்கூடம் சேர்த்துக்கொண்டால் ரத்து செய்யச் சொல்லியிருந்தாயே, பயிற்சியை விட்டுவிட்டு மாதக் கடைசியில் ஊருக்கு வர நீ எடுத்திருந்த அந்த டிக்கெட்டை மாப்பிள்ளை நேற்று ரத்து செய்துவிட்டார்.