இருபதாவது பொருள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலை பத்தே காலுக்கு உலகம் அழிந்தது. யாரும் கவனிக்கவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் வழக்கம்போல் டீ குடித்தார்கள்.

'டேபிள்' என்ற சொல்லை எங்கள் தலைமை ஆசிரியர் மேடம் என் சகலையிடம் கொடுத்துவிட்டார்.

பதினேழு வருடமாக இந்த ஆங்கிலம்-தமிழ் வீட்டு அகராதியில் உதவி ஆசிரியன் நான். சகலை, அதாவது என் மனைவியின் தங்கை புருஷன், வந்து நான்கே மாதம். அதற்கு முன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவனை இங்கே சேர்த்துவிட்டது யார்? அடியேன்தான். ஓய்வுபெற்ற மறுநாளிலிருந்து என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து காலை முதல் மாலை வரை பேசினான். ஒரு சம்பளமாவது வாங்கிக்கொண்டு வேறிடத்தில் பேசட்டுமே என்று சிபாரிசு செய்தேன். சொந்தச் செலவில் சூனியம்!

மேடம் சொன்ன காரணம்: "சார், நீங்க சீனியர். உங்களுக்கு எதுக்குப் பாரம்?"

பாரமா? பதினேழு வருடமாக அந்தப் பாரத்துக்குத்தானே தோளைத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 5, புதன்

எங்கள் அகராதியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சொல்லுக்கு இருபது பொருளோ அதற்கு மேலோ தேறினால், அதன் அடியில் தொகுத்தவர் பெயரின் முதலெழுத்துகள் அச்சாகும். எறும்பு கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய அளவுதான். ஆனால் அச்சு அச்சுதான். நான் செத்து, எனக்கு அழுதவர்களும் செத்து, அவர்களுக்கு அழுதவர்களும் செத்த பிறகும் அது இருக்கும்.

இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்தவை? தவளைக்குஞ்சுக்கு ஓர் ஆங்கிலச் சொல். முகத்துக்குப் பூசும் பவுடர். ஒரு நடனம். ஒரு வகைத் துணி. எல்லாம் ஒற்றைப் பொருளோடு வயிறு ஒட்டிக் கிடக்கும் ஏழைச் சொற்கள். ஜூன் கடைசியில் எனக்கு ஓய்வு. டேபிளுக்கு அடுத்து வரும் பெரிய சொல்லை மேடமே வைத்துக்கொண்டிருக்கிறார். ஆகவே இதுதான் கடைசி வண்டி. அதில் ஜன்னலோரமாக சகலை உட்கார்ந்து எனக்குக் கையசைக்கிறான்.

மார்ச் 8, சனி

சகலை வீட்டுக்கு வந்தான், மகளோடு. கையில் நோட்டு.

"அண்ணே, உங்க வீட்டு டேபிளைக் கொஞ்சம் பார்த்துக்கலாமா?"

என் வீட்டு டைனிங் டேபிளுக்கு சர்வதேசப் புகழ் இருப்பது எனக்கே தெரியாது. அதன்மேல் அப்போது இருந்தவை: இஸ்திரி பெட்டி, பாதி நறுக்கிய கத்தரிக்காய், என் ரத்த அழுத்த மாத்திரைகள், மூன்று மாதப் பத்திரிகைகள், ஒரு கால் இல்லாத நாற்காலியின் அந்த ஒரு கால். அவன் மகள் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பெரியப்பா, இது டேபிளா, குடோனா? நீங்க எங்க சாப்பிடுவீங்க?"

"மடியில" என்றாள் என் மனைவி.

சகலை எழுதிக்கொண்டான். எழுதிக்கொண்டே, "எங்க வீட்டுல நாலு பேரும் சேர்ந்து டேபிள்லதான் சாப்பிடுவோம்" என்றான். கேட்டேனா? நான் கேட்டேனா?

மார்ச் 11, செவ்வாய்

அவனுக்குப் பதினாறு பொருள் சேர்ந்துவிட்டதாம். மத்தியானச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு. அதில் பொருள், ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம், யார் சொன்னது, எங்கே கேட்டது. சீட்டுகள் சொல்லுக்கு உரியவரின் பெட்டியில் சேரும். சகலையின் பெட்டி பழைய செருப்புப் பெட்டி. அவன் மேசையைவிட்டு எழுந்து போனதும் திறந்து பார்த்தேன். திருட்டு அல்ல, ஆராய்ச்சி.

மேசை. சாப்பாடு. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆட்கள். வாய்ப்பாடு (வாத்தியார் புத்தி!). கட்டம் போட்ட பட்டியல். பேருந்து நேர அட்டவணை. சமையல் அளவுக் கரண்டி. ஆபரேஷன் செய்யும் கட்டில். நிலத்துக்கடியில் நீர் நிற்கும் மட்டம். மேட்டுச் சமவெளி. கூட்டத்தில் ஒரு விஷயத்தை முன்வைப்பது. அதே கூட்டத்தில் அதே விஷயத்தைத் தள்ளிப்போடுவது. ஒரு நாட்டில் முன்வைத்தல், இன்னொரு நாட்டில் தள்ளிப்போடுதலாம். கல்யாணமாகி நாற்பது வருடமான எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

நன்றாகத்தான் செய்திருக்கிறான். அதுதான் எரிகிறது. மோசமாகச் செய்திருந்தால் அவனை எவ்வளவு மனதார நேசித்திருப்பேன்!

மார்ச் 17, திங்கள்

பத்தொன்பது!

பத்தொன்பதில் நிற்கிறான் பாவி. இருபதாவது கிடைக்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை வாசிப்பு. ஒவ்வொரு பெரிய சொல்லும் முடிந்ததும் நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார, உரியவர் சீட்டுச் சீட்டாக வாசிப்பார். மற்றவர்கள் குடைவோம். இல்லாத பொருள் ஒன்றை வாசித்து மாட்டினால் அந்தச் சொல்லே பறிபோகும். அடுத்த சீனியருக்குப் போகும். போன வருடம் 'ஸ்டூல்' இப்படித்தான் ஒருவர் கையைவிட்டு ஓடியது.

அடுத்த சீனியர் யார்? கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். கம்பீரமாக இருந்தார்.

இன்னொரு விதி: யார் பெட்டியிலும் யாரும் சீட்டுப் போட்டு உதவலாம். சரிபார்க்கும் பொறுப்பு மட்டும் உரியவருடையது.

பசியோடு இருப்பவன் இலையில் எது விழுந்தாலும் சாப்பிடுவான். இல்லையா?

மார்ச் 18, செவ்வாய்

செய்துவிட்டேன்.

மனைவியின் மோதிரக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. அதன் மேல்பக்கம் சப்பட்டையாக, குட்டி மேசைபோல் இருந்தது. இடது கையால் எழுதினேன்:

'டேபிள்: பட்டை தீட்டிய வைரத்தின் தட்டையான மேல்முகம். எடுத்துக்காட்டு: அந்த வைரத்தின் டேபிள் எவ்வளவு அகலம் என்றால், நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடலாம், மிச்ச இடத்தில் நிலா படுத்துக்கொள்ளலாம். சொன்னவர்: வைரம் தீட்டுபவர். கேட்ட இடம்: பேருந்தில், பக்கத்து இருக்கை.'

சொல்லப்போனால் என் பதினேழு வருடத்தில் நான் எழுதிய மிகச் சிறந்த சீட்டு இது. முழுப் பொய் என்பது ஒரு சின்னக் குறை.

அவன் தண்ணீர் குடிக்கப் போனான். பெட்டியில் போட்டேன். இதயம் ரயில் எஞ்சின்போல் அடித்தது. நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும்.

மார்ச் 19, புதன்

ஆள் அலுவலகத்துக்கு வரவில்லை. வெளி வேலையாம்.

மார்ச் 20, வியாழன்

இன்றும் வரவில்லை. இருபது ஆகிவிட்ட மிதப்பில் ஊர் சுற்றுகிறான். சுற்றட்டும். நாளை மாலை ஐந்து மணிக்கு டேபிள் என் மேசைக்கு வந்துவிடும். சட்டையை இஸ்திரி போட்டு வைத்தேன், கத்தரிக்காயை நகர்த்திவிட்டு.

மார்ச் 21, வெள்ளி

எப்படி எழுதுவது?

பத்தொன்பதும் வாசித்தான். யாராலும் ஒரு முடியைக்கூடப் பிடுங்க முடியவில்லை. பிறகு என் சீட்டை எடுத்தான். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். நிலா படுத்துக்கொள்ளும் இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "வைரத்துக்கு டேபிளா? யார் சொன்னது இதை?"

வந்தது என் நேரம் என்று நிமிர்ந்தேன்.

சகலை பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். "ரெண்டு நாளா அலைஞ்சேன் மேடம். ஏழு நகைக்கடை. ஆறு பேர் தெரியாதுன்னுட்டாங்க. ஏழாவது கடைக்காரர் பட்டறைக்கு அனுப்பினார். அங்க கல் தீட்டுறவர் லென்ஸை என் கண்ணுல வெச்சு, 'இதான் சார் டேபிள், இத வெச்சுத்தான் விலையே சொல்வோம்'னார். கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்."

இருக்கிறதாம். அப்படி ஒரு பொருள் நிஜமாகவே இருக்கிறதாம்! நான் வாழ்நாளில் ஒரே ஒரு பொய்ச் சீட்டு எழுதினேன். அது உண்மையாகிவிட்டது. கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். நான் கேடு நினைத்து அவனுக்கு மாலை கட்டிப் போட்டிருக்கிறேன்.

இதோடு விட்டதா? மேடம் சீட்டை வாங்கி, திருப்பிப் பார்த்து, மெல்லச் சிரித்தார்.

"எழுத்து கோணலா இருக்கு. ஆனா இப்படிப் புளுகு கலந்து வாக்கியம் எழுதற ஆள் இந்த ஆபீஸ்ல ஒருத்தர்தான். ஏன் சார், இவ்வளவு நல்ல பொருளை வெச்சுக்காம அவர் பெட்டியில போட்டீங்க? பேர்கூடப் போடாம?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தியாகியைப் பார்ப்பதுபோல. யாரோ கைதட்டினார்கள்.

"இருபதாவது உங்களால வந்தது. ரெண்டு பேர் எழுத்தும் போடுவோம்" என்றார் மேடம்.

"பரவாயில்ல மேடம்" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான்.

மார்ச் 22, சனி

மனைவி காலையிலிருந்து நாற்பத்தாறு பேருக்குப் போன் செய்துவிட்டாள். "அகராதில இவர் பேர் வருது" என்கிறாள். கடைசியாக என்னைப் பற்றி அவள் இப்படிப் பேசியது எங்கள் நிச்சயதார்த்தத்தின்போது. அப்போதும் தகவல் பிழைதான்.

மார்ச் 23, ஞாயிறு

சகலை தனியாக வந்தான். உட்காரக்கூட இல்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நீங்க கொடுக்கலைன்னா நான் பத்தொன்பதோட நின்னிருப்பேன்."

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவன் உள்ளங்கை சூடாக இருந்தது. மனிதன் ஏழு கடை ஏறி இறங்கியிருக்கிறான், எனக்காக இல்லை என்றாலும் என் சீட்டுக்காக.

"அது பொய்யா எழுதினது சகலை. நீ மாட்டணும்னு. டேபிள் எனக்கு வரணும்னு" என்றேன். பதினேழு வருடத்தில் மிகைப்படுத்தாமல் நான் சொன்ன முதல் வாக்கியம்.

சகலை கையை விடவில்லை.

"தெரியும்ணே."

"என்னது?"

"நிலாவைப் பார்த்ததுமே எழுதினது நீங்கன்னு தெரிஞ்சுது. ஆனா பஸ்ல கேட்டதுன்னு எழுதியிருந்தீங்களே. உங்களுக்குத்தான் பஸ் ஏறினா வாந்தி வருமே, அண்ணி சொல்வாங்க. அப்பவே பொய்யின்னு புரிஞ்சுது."

"அப்புறம் எதுக்குடா ஏழு கடை ஏறின?"

"நீங்க பொய்யா எழுதினாக்கூட ஒரு தடவை விசாரிச்சிடணும்னு தோணுச்சு. சொல் விஷயத்துல உங்க காது தப்பாது" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான்: "மேடத்துக்கிட்ட எதுவும் சொல்லாதீங்க. அண்ணி ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. ரெண்டு எழுத்தும் போகட்டும். எனக்குச் சந்தோஷம்தான்."

டீ குடித்துவிட்டுப் போனான்.

அடப்பாவி! டேபிளில் முந்தினான், பொருளில் முந்தினான். இப்போது நல்லவனாக இருப்பதிலுமா? அதற்காவது கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கக் கூடாதா?

மார்ச் 24, திங்கள்

வயிறு எரிகிறது. மோர் குடித்தேன். இது மோருக்கு அடங்குகிற நெருப்பு இல்லை.

ஏப்ரல் 9, புதன்

அச்சகத்திலிருந்து அந்தப் பகுதியின் ப்ரூஃப் வந்தது. எங்கள் அலுவலகத்தில் ப்ரூஃப் திருத்துவது எப்போதும் நான்தான். ஒற்றுப் பிழை நான்கு, ஒரு தலைகீழ் எண், 'நிலத்தடி நீர்' என்பதில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தது. இருபதாவது பொருள் ஒரு பிழையும் இல்லாமல் நின்றது. நிலாவை மட்டும் மேடம் வெட்டிவிட்டார்.

அடியில் இரண்டு பெயர்களின் எழுத்துகள். முதலில் அவனுடையது, பக்கத்தில் என்னுடையது. பொடி எழுத்தில் என் பெயர் இவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அரை மணி நேரம் பார்த்திருப்பேன். சுவர்க்கடிகாரம் மூன்று நூற்றாண்டு ஓடியது.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். என் எழுத்துகள்மேல் ஒரு கோடு. ஓரத்தில் நீக்கக் குறி.

அவன்மேல் உள்ள அன்பால் என்று யாராவது பின்னால் சொன்னால் நம்ப வேண்டாம். சுத்தமான பொறாமை. ஒரு விஷயத்திலாவது அவனை முந்த வேண்டும், அவனுக்கே தெரியாமல்.

மேடம் கடைசிக் கையெழுத்துக்கு முன் அந்தக் கோட்டில் விரலை வைத்தார். "ஏன் சார்?"

"ஒரே வரில அடங்கணும் மேடம். இடம் பத்தல."

இடம் எவ்வளவு இருந்தது என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் கையெழுத்துப் போட்டார்.

மே 30, வெள்ளி

புத்தகம் வந்தது. மனைவி உறையைக் கிழித்து, என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, டேபிள் இருந்த பக்கத்தை வரி வரியாக விரலால் தடவினாள்.

"தங்கச்சி வீட்டுக்காரர் எழுத்து இருக்கு. உங்களோடது எங்க?"

"விட்டுப்போச்சு."

"விட்டுப்போச்சா! நாற்பத்தாறு பேருக்குச் சொல்லியிருக்கேன்! எவன் ப்ரூஃப் பார்த்தது? கண்ணு தெரியாதவனா?"

"வயசான ஆளு. விடு. அடுத்த மாசம் ரிட்டையர் ஆகிடுவான்."