இரண்டாம் மாடி டியூப்லைட்டைக் கழற்ற வேண்டாம் எனக் கோரும் மனு

அனுப்புநர்
ஆய்வகத் தொழில்நுட்பர்,
சூடேற்று ஆய்வு அறை, இரண்டாம் மாடி.

பெறுநர்
செயற்பொறியாளர் அவர்கள்,
கட்டடப் பராமரிப்புப் பிரிவு.

பொருள்: டியூப்லைட் ஒன்றை மட்டும் மாற்றாமல் விட்டுவைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இயக்குநருக்கு நான் எழுதிய மூன்று கடிதங்கள் (பதில் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

1. திங்களன்று எல்லா டியூப்லைட்டுகளையும் கழற்றி எல்.இ.டி. பொருத்தப்போவதாகத் தங்கள் சுற்றறிக்கை கண்டேன். எங்கள் அடுப்புக்கு நேர்மேலே உள்ளதைத் தொட வேண்டாம். ஒரு பெண்ணின் நல்ல பெயருக்கு இனி அது ஒன்றுதான் சாட்சி.

2. நாங்கள் மைக்ரோவேவ் அடுப்பில் பீங்கான் பொடியைச் சூடாக்குகிறோம். பக்கவாட்டுத் துளை வழியே ராமன் கருவி லேசர் ஒளியைப் பாய்ச்சி, பொடியிலிருந்து திரும்பும் ஒளியைக் கோடுகளாக வரையும். பொடி வேறு பொருளாக மாறினால் புதுக் கோடு எழும். வெளி வெளிச்சம் புகாதபடி எல்லாவற்றையும் கறுப்புத் துணியால் மூடுவது என் வேலை.

3. எங்கள் ஆய்வு மாணவி நாற்பத்தோரு முறை சூடாக்கினார். ஒவ்வொரு முறையும் இரண்டாம் நிமிடத்தில் ஒரு புதுக் கோடு எழுந்து, இருபது நொடியில் மறைந்தது. சூடு ஏற ஏற மற்றக் கோடுகள் நகரும், இது நகரவில்லை. இருபது நொடியே வாழும் புதுப் பொருள் என்று அவர் கட்டுரை எழுதினார். வேறு ஆய்வகத்தார் செய்து பார்த்தபோது கோடு வரவில்லை. மோசடி என்று எழுதி அவரை நீக்கிவிட்டார்கள். வெளியே வந்தவர் என்னிடம், “நான் பொய் எழுதலண்ணா, நீங்களும் பாத்தீங்கல்ல?” என்றார். பார்த்தேன் ஐயா.

4. அந்தக் கோடு என்னால் வந்தது. முன்பு ஒரு கிண்ணம் வெடித்ததிலிருந்து, இரண்டாம் நிமிடத்தில் துணியைத் தூக்கி அடுப்பின் கதவுக் கண்ணாடி வழியே ஓர் இருபது நொடி எட்டிப் பார்ப்பது என் வழக்கம். அப்போது டியூப்லைட் வெளிச்சம் உள்ளே புகுந்திருக்கிறது. கருவி அதையும் வரைந்திருக்கிறது. “சூடாக்கும்போது நீங்க ஏதாவது செஞ்சீங்களா?” என்று விசாரணையில் கேட்டார்கள். இல்லை என்றேன். எட்டிப் பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா என்று இருந்துவிட்டேன், பாவி.

5. சென்ற மாதம் அடுப்பை அணைத்து, வெறும் கிண்ணத்தை வைத்துத் துணியைத் தூக்கினேன். அதே இடத்தில் அதே கோடு. இயக்குநர் அலுவலகத்தில், “ஃபைல் மூடியாச்சு, விட்டுத்தள்ளுங்க” என்றார்கள். அது டியூப்லைட்டுக்குள் இருக்கும் பாதரச ஆவியின் கோடு; எல்.இ.டி. வந்தால் வராது. வேறு டியூப்லைட்டைக் கொண்டுவந்தால் நானே ஜோடித்தேன் என்பார்கள்.

6. அந்த மாணவியின் அம்மா தொலைபேசியில் அழுகிறார்: “சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டேங்கிறா தம்பி.” அவர் பொய் சொல்லவில்லை என்று நான் நிரூபித்தால், அவர் கண்டுபிடித்ததும் ஒன்றுமில்லை என்றாகிவிடும். நான்கு வருட உழைப்பு. இதை அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

7. இதில் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். சம்பந்தப்பட்டவர்கள் யாரும் காது கொடுக்காததால் தங்களிடம் வந்தேன். தங்கள் எலக்ட்ரீஷியனின் ஏணியை எங்கள் அறையில் பூட்டி வைத்திருப்பதும் நானே. மன்னிக்கவும்.

யாராவது ஒருவர் இரண்டு நிமிடம் வந்து அந்தத் துணியைத் தூக்கிப் பார்க்கும்வரை விளக்கு அங்கேயே இருக்கட்டும், ஐயா. பிறகு அதோடு சேர்த்து என்னையும் கழற்றிவிடுங்கள்.

இடம்: இரண்டாம் மாடி
நாள்: வெள்ளிக்கிழமை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஆய்வகத் தொழில்நுட்பர்

இணைப்பு: ஏணிப் பூட்டின் சாவி – ஒன்று.